யாரும் சாகாத கதை

நான் ஆறாம் வகுப்பு படித்த வருஷம், இரும்புலியூரில் எங்கள் வீட்டு முன்னறையில் நாற்பது நாள் ஒரு பெரிய யுத்தம் நடந்தது. இரண்டு ராஜாக்கள், ஒரு மந்திரவாதி, எண்ணி முடியாத சேனை. ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதற்கு முழுப் பொறுப்பும் நான்தான்.

புத்தகம் அப்பா வாங்கி வந்தது. வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்கு மிக்ஸி ஜாருக்கு மூடி தேடிப் போனவர், மூடி கிடைக்காமல், வெறுங்கையோடு திரும்பினால் அம்மாவிடம் பேச்சு வாங்கணுமே என்று தலையணை கனத்தில் ஓர் இங்கிலீஷ் நாவலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "எண்ணூறு பக்கம்! இதைப் படிச்சு முடிச்சா இங்கிலீஷ் தானா வந்துடும்" என்றார். அட்டையில் இறக்கை முளைத்த ஒரு கரடிக்குட்டி பறந்துகொண்டிருந்தது. அந்த நாவலுக்கு அப்போது ஊரே பைத்தியமாக இருந்தது. என் வகுப்பில் பாதிப் பேர் படிக்காமலேயே பைத்தியமாக இருந்தார்கள். நான் டிக்‌ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். புரிந்த இடத்தில் புரிந்ததையும், புரியாத இடத்தில் எனக்குத் தோன்றியதையும்.

அந்தச் சமயத்தில்தான் சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மாவுக்கு ஒரே தங்கை. வயிற்றில் ஆறு மாதம். பிரசவம்வரை படுக்கையிலேயே இருக்கவேண்டும் என்று குரோம்பேட்டை டாக்டரம்மா சொல்லிவிட்டார். சித்தப்பாவுக்கு ஓசூரில் வேலை, சனிக்கிழமை சனிக்கிழமை ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து முகம் காட்டிவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் சித்திக்குத் துணை ஃபேன்தான். அது சுற்றுவதையே பார்த்துக்கொண்டு கிடப்பாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், "ஏய், இங்க வா. அந்தத் தடிப் புஸ்தகத்துல என்னதான் இருக்கு, சொல்லுடி" என்பாள்.

முதல் நாள் நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள். அம்மா டீச்சர். வீட்டிலும் வகுப்பு எடுப்பது போலத்தான் பேசுவாள்.

"ரெண்டு விஷயம். மந்திரம், சூனியம் இதெல்லாம் நம்ம வீட்ல பேசக்கூடாது. ஜெபம் பண்ற வீடு இது. அடுத்தது, சாவு வரக்கூடாது. மாசமா இருக்கிறவ காதுல கெட்டது விழக்கூடாது. வயித்துல இருக்கிற பிள்ளைக்கு எல்லாம் கேட்கும். ஏதாவது ஒண்ணு ஆச்சு..."

அதற்கு மேல் அம்மா முடிக்கவில்லை. என்னையே பார்த்தாள். ஒரு பிள்ளையின் உயிர் என் நாக்கு நுனியில் இருப்பதாக அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன்.

சொல்லுங்கள், மந்திரமும் சாவும் இல்லாமல் ஒரு மந்திரவாதியின் யுத்தக் கதையை எப்படிச் சொல்வது? ஆனாலும் சொன்னேன். மந்திரவாதியை ரிட்டயர்டான ஹெட்மாஸ்டர் ஆக்கினேன். மந்திரக்கோல் பிரம்பானது, அதிலொன்றும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நல்ல ராஜாவை அவர் தம்பியே குத்திக் கொல்லுகிற இடத்தில் அவருக்கு மதுரைக்கு டிரான்ஸ்ஃபர் வந்தது. தளபதி விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டார். ஒரு பக்கத்தில் அறுநூறு வீரர்கள் ஒரே சமயத்தில் ஆற்றில் மூழ்கினார்கள், படுபாவிகள். அவர்களுக்கு என்ன செய்வதென்று ஒரு நாள் முழுக்க யோசித்து, தாம்பரத்தில் ரயிலைத் தவறவிட்டதால் போருக்கே வரவில்லை என்று சொல்லிவிட்டேன். "ஐயோ பாவம், அறுநூறு பேருமா?" என்று கேட்டாள் சித்தி. "ஞாயித்துக்கிழமை, சித்தி. ட்ரெயின் கம்மி" என்றேன்.

கரடிக்குட்டிதான் கஷ்டமாகப் போயிற்று. ஆடு மேய்க்கிற பெண் ஒருத்தி அதைப் பனியிலிருந்து பொறுக்கியெடுத்து, தன் கம்பளிக்குள்ளேயே வைத்துப் பால் கொடுத்து வளர்ப்பாள். ஐநூறாவது பக்கத்துக்கு மேல், அவளுக்கு வந்த அம்பைத் தன் மேல் வாங்கிக்கொண்டு அது செத்துப்போகும். நான் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து அதைப் படித்தேன். அழுது தீர்த்து, முகம் கழுவி, கீழே இறங்கி வந்து, குட்டியை மலைமேல் ஒரு நல்ல ஹாஸ்டலில் சேர்த்தேன்.

"மெஸ் சாப்பாடு ஒத்துக்குமாடி அதுக்கு?"

"தேன் தனியா ஊத்துவாங்க சித்தி."

சித்தி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். இப்படிச் சிரிக்கக்கூடாது, வயிறு அதிரும் என்று அம்மா உள்ளேயிருந்து சத்தம் போட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. என்னைப்போல் கதை சொல்ல இந்தத் தாம்பரத்திலேயே ஆள் கிடையாது என்று நினைத்தேன்.

அப்புறம்தான் வினை வந்தது. அந்த நாவல் படமாகி, தமிழில் டப் செய்து, குரோம்பேட்டையில் ஒரு தியேட்டருக்கு வந்தது. சித்திக்கு எட்டாம் மாதம் பிறந்திருந்தது. கொஞ்சம் நடமாடலாம் என்று டாக்டரம்மா சொன்ன அன்றைக்கே சித்தி ஆரம்பித்துவிட்டாள். "அக்கா, ஒரே ஒரு படம்க்கா. பகல் காட்சி. போயிட்டு உடனே வந்துடறோம்."

அம்மா சித்தியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "நீதானே முழுசாப் படிச்சவ? உண்மையைச் சொல்லு. அதுல சாவு கீவு இருக்கா?"

கட்டிலில் சித்தி. எதிரில் அம்மா. இருக்கிறது என்றால், நாற்பது நாள் பொய் சொன்னவள் என்று சித்திக்குத் தெரிந்துவிடும். இல்லை என்றால், அம்மா அனுப்பிவிடுவாள்.

"இல்லம்மா" என்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், அதைவிடப் பெரிய பொய் நான் இன்றுவரை சொன்னதில்லை. ஆனால் என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. எண்ணூறு பக்கத்தில் ஐநூறுக்கு மேல் என்றால், இடைவேளைக்குப் பிறகுதான் குட்டி சாகவேண்டும். இடைவேளையில் எனக்கு வயிற்றுவலி வரும். நான் தரையில் புரளுவேன். எல்லாரும் வீட்டுக்கு வந்துவிடுவோம்.

அப்பாவும் துணைக்கு வந்தார். தெருமுனை ஆட்டோ அண்ணன், "பேஜார் ஆவாதக்கா, பள்ளம் பாத்துதான் ஓட்டிக்கினு போறேன்" என்று சித்திக்குத் தைரியம் சொல்லி, ஜிஎஸ்டி ரோட்டில் சைக்கிள்காரரெல்லாம் எங்களை முந்திப் போகிற வேகத்தில் ஓட்டினார். தியேட்டரில் ஏசி காற்று பட்டதுமே அப்பா தூங்கிப்போனார்.

படத்தில் எனக்கு ஒன்றுமே பிடிக்கவில்லை. ஆடு மேய்க்கிற பெண் உதட்டுச்சாயம் பூசியிருந்தாள். அறுநூறு பேர் மூழ்குகிற ஆறே கிடையாது. மந்திரவாதி நம் ஊர் வில்லன் குரலில் பேசினார். கரடிக்குட்டி மட்டும் நான் நினைத்தது போலவே இருந்தது, கம்பளிக்குள்ளிருந்து மூக்கை மட்டும் நீட்டியபடி.

புத்தகத்தை நம்பி நான் உட்கார்ந்திருந்தேன். படம் எடுத்தவர்களோ புத்தகத்தை மதிக்கவே இல்லை. இடைவேளைக்கு முன்னாலேயே அம்பு வந்துவிட்டது. குட்டி சுருண்டு விழுந்தது. அந்தப் பெண் அதைக் கம்பளியில் சுற்றி மடியில் போட்டுக்கொண்டு, தூங்கவைப்பது போல் ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

நான் திரையைப் பார்க்கவில்லை, சித்தியின் வயிற்றைப் பார்த்தேன். உள்ளே இருப்பதன் காது எந்தப் பக்கம் இருக்கும் என்று தெரியவில்லை. இரண்டு கையையும் விரித்து, எட்டிய மட்டும் வயிற்றைப் பொத்தினேன். "ஆண்டவரே, அதுக்குக் கேட்கக்கூடாது, கேட்கக்கூடாது" என்று முணுமுணுத்தேன். சித்தி அழுதுகொண்டிருந்தாள். வெறும் கண்கலங்கல் இல்லை, அழுகை. துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டு, தோள் இரண்டும் குலுங்க.

"சித்தி, பாத்ரூம் போலாம். வா சித்தி."

"உக்காருடி" என்றாள். என் கை மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். உள்ளேயிருந்து ஓர் உதை வந்தது. எனக்கு உயிரே வந்தது.

விளக்கு போட்டார்கள். அப்பா எழுந்து, "நல்லா இருக்குல்ல?" என்று கேட்டுவிட்டு பப்ஸ் வாங்கப் போனார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சித்தி மூக்கைத் துடைத்து, "ஹாஸ்டல்ல சேர்த்திருக்கலாம்ல? இவங்களுக்கு உன் அளவுக்கு மூளை இல்லடி" என்றாள்.

"சித்திக்கு... தெரியுமா?"

"நீ கதை ஆரம்பிச்ச மூணாம் நாளே, நீ ஸ்கூலுக்குப் போன நேரத்துல எடுத்துப் படிக்க ஆரம்பிச்சிட்டேன். ஒரே வாரம், முடிச்சாச்சு."

சித்தி பி.ஏ. இங்கிலீஷ் லிட்டரேச்சர் படித்தவள். வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எனக்குத்தான் ஞாபகமே வரவில்லை.

"நான் அழுதேன்னு அம்மாகிட்ட சொல்லாதே, என்ன?" என்றாள். நான் தலையாட்டினேன். பப்ஸ் வந்தது. சித்தி இரண்டு தின்றாள், என்னுடையதிலும் பாதி பிய்த்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து நான்கு தோசை சாப்பிட்டாள். முகம் தெளிந்துவிட்டதே, முன்னாடியே அனுப்பியிருக்கலாம் போல என்று அம்மாவே சொன்னாள். அடுத்த மாதம் தம்பி பிறந்தான். மூன்று கிலோ, நல்ல குரல். அவன் காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் எனக்கு மூச்சே வந்தது. இன்றைக்கு அவன் தாடியும் மீசையுமாகப் பைக்கில் வந்து இறங்குகிறான், யார் செத்தாலும் பாப்கார்ன் தின்றுகொண்டே படம் பார்க்கிறான்.

ஆனால் அன்றைக்கு ஆட்டோவில் வரும்போது எனக்கு ஒரே எரிச்சல். பொறாமை என்றே சொல்லலாம். நாற்பது நாள் தொண்டை வறளச் சொன்னவள் நான். எனக்காகச் சித்தி ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. யாரோ எங்கேயோ எடுத்த படம், ஒரு நிமிஷத்தில் அவளை அப்படி அழவைத்துவிட்டது. தோற்றுப்போய்விட்டேன் என்றுதான் நினைத்தேன்.

கல்லூரி போன பிறகு ஒருநாள், சின்னப் பிள்ளை என்று அதுவரை என்னிடம் மறைத்ததை அம்மா பேச்சுவாக்கில் சொன்னாள். தம்பிக்கு முந்தின வருஷம் சித்திக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, ஒன்பது நாள் இருந்ததாம். அழுதால் அடுத்தது தங்காது என்று சொல்லிச் சொல்லி, ஒருத்தரும் அவளை வாய்விட்டு அழவே விடவில்லையாம். நானும் என் பங்குக்கு, அத்தனை பேரையும் காப்பாற்றி, அவள் அழ ஓரிடம்கூட இல்லாமல் கதை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.