சாம்பல் நிறப் பெட்டிகள்

அவினோ எந்தப் படத்தை வரைந்து முடித்தாலும், குறிகளின் பொருளை ஓரத்தில் சொல்லும் குறிவிளக்கத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு மிச்சத்தைப் படித்துப் பார்ப்பாள். ஐந்து வருடமாகப் பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்திருக்கிறேன். புரியாவிட்டால் அழித்துவிடுவாள். "விளக்கம் சொல்லித்தான் சிரிக்க வைக்கணும்னா அது ஜோக்கா?" என்பாள்.

கிசுமு நகரில் எங்களுடையது சின்ன மென்பொருள் நிறுவனம். மென்பொருள் எப்படி இயங்கும் என்று பெட்டியும் அம்புமாக வரைந்து, வாடிக்கையாளரின் ஒப்புதல் வாங்கிய பிறகே வேலையைத் தொடங்குவோம். பெரும்பாலும் புரியாமலே கையெழுத்துப் போடுவார்கள். அது அவளை உறுத்தியது. என்னைப் போலவே அவளும் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். கல்லூரியில் புரியாத படங்களுக்கெல்லாம் தலையாட்டியவள்.

ஒரு மருத்துவமனையின் கணினிப் பூட்டுள்ள மருந்து அலமாரிக்கு மென்பொருள் எழுதும் வேலை வந்தபோது வழக்கமான குறிகளை விட்டுவிட்டாள். செவிலியரே எடுக்கக்கூடிய மருந்துக்குப் பச்சைப் பெட்டி, மருத்துவர் அனுமதி வேண்டியதற்குச் சிவப்பு. நிறமே பேசும் என்று குறிவிளக்கத்தை நீக்கினாள்.

"என்னம்மா, நர்சரிப் பிள்ளைங்களுக்கா?" என்றார் முதலாளி ஒகும்பா.

"அதுங்களுக்குப் புரிஞ்சா உங்களுக்கும் புரியும்ல சார்."

ஒப்புதல் வந்தது; அலமாரியும் பயன்பாட்டுக்கு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரசவமான பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. செவிலியர்கள் எப்போதும் தாங்களே எடுத்துப் போடும் ஊசிமருந்துதான். அலமாரி திறக்காமல் மருத்துவரின் அனுமதியைக் கேட்டது. அவர் போனை எடுப்பதற்குள் அந்தப் பெண் இறந்துவிட்டாள். அந்த மருந்தை நாங்கள் தவறாகச் சிவப்பில் போட்டிருந்தோம். அப்படிப்பட்ட தவற்றைப் பிடிக்கத்தான் ஒப்புதலே.

மறுநாள் இருவரும் போனோம். தலைமைச் செவிலியர் நியபோகே தாம் கையெழுத்திட்ட படத்தைக் காட்டினார். கறுப்பு வெள்ளை நகல். எல்லாப் பெட்டியும் ஒரே சாம்பல்.

"சிவப்பா? எங்க பிரிண்டருக்கு அதெல்லாம் தெரியாதும்மா. மருந்துப் பேரெல்லாம் இருக்கான்னு பார்த்தேன், இருந்துச்சு."

அவினோ அந்த நகலைக் கையில் வாங்கினாள். "எப்படி நகல் எடுத்தாலும் தெரியிற மாதிரி, அனுமதி வேண்டிய மருந்துக்கெல்லாம் பூட்டுப் படம் போட்டு வரைஞ்சு தரேன் சிஸ்டர்."

"சீக்கிரம் தா. மத்த மருந்தையும் நான் சரிபார்க்கணும்ல?"

அதன்பின் அவள் கையில் ஒரு கோடுகூட வரவில்லை. வெற்றுத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு வேலையை விட்டு பக்கத்து ஊரான அஹேரோவுக்குப் போய்விட்டாள். குறிவிளக்கம் இருந்திருந்தால் சிஸ்டர் ஒரு கேள்வியாவது கேட்டிருப்பாரோ? எனக்குத் தெரியவில்லை. முதலாளி அந்த ஒரு மருந்தை மட்டும் மாற்றச் சொல்லிவிட்டு, "முடிஞ்சதைத் தோண்டாதே" என்றார்.

புதுப் படத்தைக் கேட்டு நியபோகே சிஸ்டர் இன்னும் போன் செய்கிறார். பூட்டுக் குறி போட்ட அந்தப் படம் அவருக்குப் போய்ச் சேரவில்லை.