தங்கைக்கு ஓர் உவமானம்

எங்கள் ஆட்களில் ஒருவர் செத்தால் ஒரு சிறு புத்தகம் அச்சாக வேண்டும். முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வருகிறவர்களின் கையில் நினைவு மலரைக் கொடுத்தால்தான் கடமை முடிந்ததாக அர்த்தம். அதில் தேவாரம் இருக்கும், படம் இருக்கும், இறந்தவரைப் பற்றி ஒரு பாட்டும் இருக்கும். அந்தப் பாட்டில் அப்பாமார் எல்லோரும் ஆலமரம், அம்மாமார் எல்லோரும் குலவிளக்கு. ஊர் தெரியாத ஒருவர் வாசித்தால் நாங்கள் இருக்கும் வெள்ளவத்தை முழுவதும் ஆலந்தோப்பு என்றே நினைப்பார்.

இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவள் நான். பாமன்கடையில் ஓ.எல். சோதனைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குத் தமிழ் இலக்கியம் படிப்பிப்பது என் தொழில். உவமை எது, உருவகம் எது, உவமேயம் எது, உவமானம் எது என்று தொண்டை வற்றக் கத்துகிறவள். இரவல் உவமையைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருடம் என் தங்கை இறந்தாள். காலையில் வேலைக்கென்று கந்தோருக்கு வெளிக்கிட்டவள் நெஞ்சு நோகிறது என்று கதிரையில் இருந்தாள், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. நாங்கள் இருவரும் கலியாணம் கட்டாதவர்கள், ஒரே பிளாட்டில் ஒன்றாகவே வயது போனவர்கள். அவளுக்கு நினைவு மலர் அடிக்கக் கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்துக்குப் போனேன்.

அச்சகக்காரர் கொம்பியூட்டரில் பாட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தார். எல்லாம் முன்பே எழுதி வைத்தவை, பெயரை மட்டும் மாற்றுவார்கள்.

"மிஸ், அம்மாவுக்கு இருக்கு, அப்பாவுக்கு இருக்கு, கட்டின மனுசிக்கும் இருக்கு. கலியாணம் கட்டாத பொம்பிளைக்கு எண்டு எங்களிட்ட ஒண்டும் இல்லை. அம்மா பாட்டைக் கொஞ்சம் மாத்திப் போடுவமா?"

எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. உயிரோடு இருந்தபோது கட்டாதவள் என்று எந்தக் கலியாண வீட்டிலும் அவளை மாப்பிள்ளை பொம்பிளைக்கு ஆலாத்தி எடுக்கக் கூப்பிட்டதில்லை. செத்த பிறகு பாட்டிலும் இடமில்லையா?

"வேண்டாம். நானே எழுதித் தாறன்" என்றேன்.

சொல்வது சுகம். வீட்டுக்கு வந்து பேப்பரை எடுத்து வைத்தால் ஒன்றும் வரவில்லை. உவமேயம் படச் சட்டத்துக்குள் இருந்து என்னையே பார்க்கிறது, உவமானத்தைக் காணோம். மெழுகுதிரி என்று எழுதினேன். தங்கை எதற்கும் உருகினவள் அல்ல, பஸ்ஸும் சனமும் நெரியும் காலி வீதியில் ஓட்டோக்காரனோடு சிங்களத்தில் மல்லுக்கு நிற்கிறவள். நிழல் என்று எழுதினேன். யாருடைய நிழல், என்னுடையதா? அதையும் வெட்டினேன். கனடாவில் இருக்கும் அண்ணா வட்ஸ்அப்பில் "பாட்டு எழுதி முடிஞ்சுதோ?" என்று கேட்டபடி இருந்தார். நாள் நெருங்க நெருங்க எனக்குப் பயம் பிடித்தது. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் அணி படிப்பித்தவளால் கூடப்பிறந்தவளுக்கு ஒரு வரி எழுத முடியவில்லை.

கடைசியில் கைகொடுத்தது தன்மை நவிற்சி. உள்ளதை உள்ளபடி சொல்லும் அணி. பிள்ளைகள், "இது என்ன மிஸ், இதிலே ஒண்டுமே இல்லையே" என்று தாண்டிப் போகிற பாடம். இதைத்தான் எழுதினேன்:

"ரயில் சத்தம் எனக்கு ஆகாது என்று, தண்டவாளம் ஓடும் கடற்பக்க அறையைத் தானே எடுத்துக்கொண்டாள். கேட்டால், தனக்குக் காற்று வேண்டும் என்பாள். கோபம் வந்தால் இரண்டு நாள் கதைக்கமாட்டாள், ஆனால் தேத்தண்ணி நேரத்துக்கு வந்துவிடும். மழை நாளில் வகுப்பு முடிந்து நான் வெளியே வந்தால் குடையோடு நிற்பாள். இவ்வளவு நாளும் நான் தனியாக இருக்கவில்லை."

அச்சகக்காரர் அதை ரைப் பண்ணி முடித்து, மேலிருந்து இன்னொரு முறை வாசித்தார்.

"மிஸ், இதை நான் சேவ் பண்ணி வைக்கட்டா? கலியாணம் கட்டாத ஆக்கள் எண்டு வந்தால் குடுக்கலாம்."

"குடுக்கேலாது. இது என்ர தங்கச்சி மட்டும்தான்." குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"கோவிக்காதேங்கோ மிஸ். வத்தளையில என்ர அக்கா இருக்கிறா, அவவும் கட்டேல்லை. அவவும் இப்பிடித்தான்." இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

என் கோபமெல்லாம் இறங்கிவிட்டது.

"அவவுக்குப் பாட்டு ஒண்டும் எடுத்து வைக்காதேங்கோ" என்றேன். "இண்டைக்கு வேலை முடிய வத்தளைக்குப் போய், இதையெல்லாம் அவவின்ர முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கோ."

அவர் தலையாட்டினார். திரையில் என் தங்கையின் படத்துக்குக் கீழே அந்த வரிகள் இருந்தன. அவற்றில் ஒன்றைக்கூட அவள் என் வாயால் கேட்டதில்லை.