ஆல்விசே: இல்லாமற்போன ஒரு நாட்டின் குடிமகன்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு என் கைப்பேசியில் ஒரு குரல்பதிவு வந்திருந்தது. அனுப்பியவர் மார்த்தா. அதைக் கேட்காமலே கால் மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவருடைய தந்தை ஆல்விசே அவர்களுக்கு நான் அனுப்பிய செய்திகள் மூன்று வாரமாகப் பார்க்கப்படாமல் கிடந்தன. ஒரு வணக்கம் அனுப்பினாலும் பத்து நிமிடத்தில் பதில் போடுகிறவர் அவர்.

கடைசியில் என் மனைவி கோமதிதான், "எம்புட்டு நேரந்தான் அதையே பாத்துக்கிட்டு இருப்பீய? கேட்டாத்தான தெரியும்" என்று சொல்லித் தன் விரலால் தொட்டாள்.

"அப்பா நேற்று மாலை போய்விட்டார். கஷ்டப்படவில்லை. உறவுக்காரர்களுக்கு இனிமேல்தான் சொல்ல வேண்டும்" என்று மார்த்தா ஆங்கிலத்தில் சொன்னார். பின்னால் ஏதோ ஒரு மணி அடித்துக்கொண்டிருந்தது.

ஆல்விசே அவர்களை அறிந்தவர்கள் ராஜபாளையத்தில் ஒரு முப்பது பேர் இருப்பார்கள். எல்லோரும் இருபது ஆண்டுகளுக்கு முன் எங்கள் பஞ்சாலையில் வேலை பார்த்தவர்கள். அவர்களுக்கு அவர் 'ஆல்வீஸ் சார்'. அறியாதவர்களுக்காகவும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

நான் அப்போது ஆலையில் மெயின்டனன்ஸ் மேஸ்திரி. நூலைக் கோனில் சுற்றும் புது மெஷின் ஒன்று பெரிய மரப்பெட்டிகளில் வந்து இறங்கியது. அதை மாட்டிக் கொடுக்க, அதைச் செய்த கம்பெனி ஆல்விசேயை அனுப்பியிருந்தது. ஐம்பது வயது இருக்கும். மெலிந்த உடம்பு, வெயிலில் சிவந்த மூக்கு. மேனேஜர் எங்களை வரிசையாக நிறுத்தி, "இவரு இத்தாலியில இருந்து வந்திருக்காரு" என்று அறிமுகம் செய்தார்.

இத்தாலி என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் கையை உயர்த்தி ஆங்கிலத்தில் சொன்னார். "மன்னிக்க வேண்டும். நான் இத்தாலியன் இல்லை. வெனிஸ்காரன்."

மேனேஜர் முகம் மாறிவிட்டது. என்னைத் தனியே அழைத்து, "ஆள் மாறி வந்துட்டாரா? பெட்டியில என்ன நாடு போட்டிருக்குன்னு பாத்துட்டு வாங்க" என்றார். பெட்டியில் இத்தாலி என்றுதான் இருந்தது. அதைச் சொன்ன பிறகும் மேனேஜருக்குச் சந்தேகம் தீரவில்லை. மெஷின் ஓடத் தொடங்கிய பின்தான் தீர்ந்தது.

எட்டு மாதம் இருந்தார். ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடும் மெஷின்மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்பார். எந்த பேரிங் நாளைக்குப் போகும் என்று இன்றைக்கே சொல்வார். தமிழில் அவர் முதலில் கற்றுக்கொண்டது 'செத்த இரு'. அவசரப்படும் பையன்களிடம் விரலை நீட்டி, "செத்த இரு, செத்த இரு" என்பார். எழுத்துகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிப் பழகினார். பழுதுகளை நாங்கள் தமிழில் எழுதிவைக்கும் ஷிப்டு நோட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் அந்தப் பழக்கம். ஊருக்குப் போகும்போது, முடிந்துபோன ஒரு நோட்டை மேனேஜரிடம் கேட்டு வாங்கிக்கொண்டும் போனார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏற்றி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வருவேன். அப்படி ஒரு நாள் சாப்பிடும்போது அவருடைய நாட்டைப் பற்றிக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது என்று சிறிது நேரத்தில் தோன்றிவிட்டது.

"ஆயிரம் வருடங்களுக்கு மேல் எங்களுக்கு ராஜா கிடையாது" என்று தொடங்கினார். "கடலுக்குள் ஊர். கப்பல்தான் சொத்து. தலைவரை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்போம். யாரும் ஏமாற்றிவிடக் கூடாதென்று நடுவில் சீட்டுக் குலுக்குவோம், மறுபடி ஓட்டுப் போடுவோம்." எப்போதும் 'நாங்கள்' என்றுதான் சொல்வார். தாமும் அங்கே இருந்துவிட்டு இப்போதுதான் எழுந்து வந்தது போலிருக்கும்.

"பிறகு உங்களை யார் தோற்கடித்தது?" என்றேன்.

"யாரும் இல்லை. பிரெஞ்சுப் படை கரைக்கு வந்து நின்றது. எங்கள் பெரிய சபை கூடியது. எங்களுக்காகச் சண்டை போட வந்திருந்த அக்கரைச் சிப்பாய்கள் அன்று ஊர் திரும்பக் கப்பல் ஏறினார்கள். விடைபெறும் மரியாதையாக வானத்தை நோக்கிச் சுட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் அதைக் கலவரம் என்று நினைத்துவிட்டார்கள். அவசரமாக ஓட்டுப் போட்டு, குடியரசையே கலைத்துவிட்டு, வாசலைத் தேடி ஓடினார்கள்." சோற்றில் வைத்த கையை எடுக்காமல் இருந்தார். "தோற்றிருந்தால்கூட மனம் ஆறும். நாங்கள் பயந்து போனோம்."

கோமதி என்னிடம், "ஏன் அவிய சாப்பிடாம இருக்காவ? உறைப்பா?" என்றாள்.

"இல்ல. அவிய நாடு போயிட்டுதாம்."

"ஐயோ, எப்ப?"

"இருநூறு வருஷத்துக்கு மேல ஆச்சாம்."

அவள் மோர்ச் செம்பைக் கையில் எடுத்தாள். "பாவம். மோர் ஊத்துதேன், சாப்பிடச் சொல்லுங்க" என்றாள்.

அந்த நாட்டை மீண்டும் தனியாகக் கொண்டுவர வேண்டும் என்று நினைப்பவர்கள் அவருடைய ஊரில் இன்னும் இருக்கிறார்கள் என்றும், தாமும் அவர்களில் ஒருவர் என்றும் அன்றுதான் சொன்னார். என் அண்ணன் பட்டாளத்தில் இருந்தவர். கோமதியின் தம்பி முருகேசன் மம்சாபுரத்திலிருந்து போலீஸ் வேலைக்குப் போனவர். 'தனி நாடு' என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நான் எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்தினேன். அவர் அதைக் கவனித்தார்.

அடுத்த மாதம் அவர் ஊர்ப் புனிதரின் திருநாள் வந்தது. ராஜபாளையத்தில் கம்பெனி கொடுத்திருந்த வீட்டு மாடியில் அவர் ஒரு கொடியைக் கட்டிவிட்டார். சிவப்புத் துணி, அதில் சிறகு முளைத்த பொன்னிறச் சிங்கம். எந்தக் கட்சிக் கொடி என்று தெரு முழுக்கப் பேச்சு. மூன்றாம் நாள் சாதா உடையில் ஓர் ஏட்டு விசாரிக்க வந்தார். மொழிபெயர்க்க என்னை அழைத்தார்கள்.

"என்ன கொடின்னு கேளுங்க."

கேட்டேன். "என் நாட்டின் கொடி. அது மறுபடி வரும்" என்றார் ஆல்விசே.

நான் ஏட்டிடம் திரும்பி, "அவிய ஊரு கோயில் கொடி சார். திருவிழாவுக்குக் கட்டியிருக்காவ" என்றேன்.

ஏட்டு சிங்கத்தை நிமிர்ந்து பார்த்தார். "சாமி சிங்கமா? நம்ம நரசிம்மர் கணக்கா. சரி, திருவிழா முடிஞ்சதும் கழத்திரச் சொல்லுங்க" என்று போய்விட்டார்.

நான் என்ன சொன்னேன் என்று ஆல்விசே கேட்டார். மறைக்க முடியவில்லை. அவர் கோபப்படவில்லை. தாமே மாடிக்குப் போய்க் கொடியை இறக்கி மடித்தார். "நீங்கள் பொய் சொல்லவில்லை. அது எங்கள் புனிதரின் சிங்கம்தான். ஆனால் பாதியை மட்டும் சொன்னீர்கள்" என்றார். அதற்குப் பிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரவில்லை. மூன்றாவது ஞாயிறு, வழக்கமான பஸ்ஸில் தாமாகவே வந்து இறங்கினார்.

ஊர் திரும்பிய பிறகு எங்கள் நட்பு முதலில் கடிதத்திலும் பிறகு கைப்பேசியிலுமாகத் தொடர்ந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவர் முழுமூச்சாகத் தனி நாட்டுக் கோரிக்கையில் இறங்கிவிட்டார். சனிக்கிழமைதோறும் ஊர்ச் சதுக்கத்தில் மடக்கு மேஜை போட்டு, தனி நாடு வேண்டுமா என்று மக்களிடமே கேட்டு ஓட்டு நடத்த வேண்டும் என்று கையெழுத்து வாங்கினார்கள். படம் அனுப்புவார். மேஜைக்குப் பின்னால் நாலைந்து முதியவர்கள், முன்னால் நிற்காமல் போகும் சுற்றுலாப் பயணிகள். 'இன்று ஓர் இளம்பெண் கையெழுத்திட்டாள்!' என்று எழுதியிருப்பார். அவருடைய நம்பிக்கை கூடக் கூட எனக்குப் பயமும் கூடும். படத்தைப் பார்த்ததும் அழித்துவிடுவேன்.

நான் பயந்தபடியே ஆயிற்று; ஒரு நாள் மார்த்தா அழைத்தார். தந்தைக்குப் பழக்கமான சிலர் விபரீதமாக ஏதோ திட்டமிட்டார்கள் என்று போலீஸுக்குச் சந்தேகம். பல வீடுகளைச் சோதனை போட்டார்கள், அவருடைய வீட்டையும். அவரிடம் ஆயுதம் எதுவும் இல்லை. ஆனால் கொடிக்குப் பக்கத்தில் புரியாத எழுத்தில் ஒரு நோட்டு இருந்தது. அதைக் கணினியில் போட்டு மொழிபெயர்த்திருக்கிறார்கள். 'மூன்றாவது தலை சரியில்லை. கத்தியை மாற்ற வேண்டும். ஏழாவது தலையை இன்றே கழற்ற வேண்டும்' என்று வந்திருக்கிறது.

அது எங்கள் ஷிப்டு நோட்டு. கையெழுத்து என்னுடையது. கோன் மெஷினில் நூல் சுற்றும் ஒவ்வொரு பகுதியையும் நாங்கள் தலை என்போம். கெட்ட நூலை அறுக்க அதில் ஒரு சிறு கத்தி உண்டு.

"அப்பாவை வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். இந்த நோட்டு என்ன என்று நீங்கள் எழுதி, கையெழுத்திட்டு அனுப்ப முடியுமா?" என்றார் மார்த்தா.

அனுப்புகிறேன் என்றேன். அனுப்பவில்லை.

கிருஷ்ணன்கோவிலில் பொறியியல் படித்த எங்கள் மகளுக்கு அப்போதுதான் மத்திய அரசு வேலை கிடைத்திருந்தது. அவளைப் பற்றிப் போலீஸ் விசாரித்து அறிக்கை அனுப்ப வேண்டிய நேரம். முருகேசனிடம் யோசனை கேட்டேன். "அத்தான், வெளிநாட்டுக் கேஸு. அதுவும் நாட்டைப் பிரிக்கிற கேஸு. பிள்ள வேலை கையில வந்த பொறவு எதுனாலும் செய்ங்க. இப்பம் பேரைக் கொடுத்துராதீய" என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை.

ஒன்பது நாள். மார்த்தாவின் அழைப்புகளை எடுக்கவில்லை. வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றால் எட்டிப் பார்ப்பேன். ஒன்பதாம் நாள் காலை, காபியைக் கொண்டுவந்து வைத்த கோமதி அங்கேயே நின்றாள்.

"அவிய நம்ம வீட்டுல எத்தன நாளு உண்டிருப்பாவ?"

"நம்ம பிள்ளய நெனச்சுப் பாரு."

"நெனச்சுத்தான் சொல்லுதேன். அவ கேட்டா என்ன சொல்லுவீய? உனக்காவ ஒரு மனுசன அங்கன அடைச்சுப் போட விட்டேன்னா?"

அன்றே கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு வக்கீலிடம் போனேன். நோட்டின் ஒவ்வொரு வரிக்கும் பொருள் எழுதி, மெஷினின் படமும் வரைந்து உறுதிமொழிப் பத்திரம் தயாரித்தோம். வக்கீல் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொடியைப் பற்றியும் ஒரு பத்தி சேர்த்தேன். அது அவருடைய பழைய நாட்டின் கொடி, அந்த நாட்டை ஓட்டுப் போட்டு மீட்க வேண்டும் என்பதற்கு மேல் அவர் எதையும் என்னிடம் சொன்னதில்லை என்று முழுதாக எழுதினேன்.

சில வாரங்களில் அவர்மேல் குற்றம் எதுவும் இல்லை என்று விட்டுவிட்டார்கள். என் மகளுக்கும் வேலை உத்தரவு வந்தது. நான் பயந்தது எதுவுமே நடக்கவில்லை. அதனால் அந்த ஒன்பது நாள் இல்லையென்று ஆகிவிடாது. மறு வருடம் திரையில் முகம் பார்த்துப் பேசியபோது, தாமதத்துக்குக் காரணம் வேறு எதுவும் இல்லை, பயம்தான் என்று அவரிடமே சொல்லிவிட்டேன்.

ஆல்விசே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குத் தெரியும். மார்த்தாவுக்குத்தான் உங்கள்மேல் கோபம். நான் அவளிடம் சொன்னேன், எங்கள் சபை பயந்து ஒரு மணி நேரத்தில் ஓட்டுப் போட்டது, என் நண்பர் பயந்துகொண்டே ஒன்பது நாள் யோசித்துக் கையெழுத்திட்டார் என்று" என்றார். அவர் மன்னித்தாரா, என்னை அளந்து சொன்னாரா என்று இன்றும் எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

கடைசியாகப் பேசியது இரண்டு மாதத்துக்கு முன். நுரையீரல் கெட்டுவிட்டது, மூக்கில் குழாய். சதுக்கத்து நண்பர்களில் பலர் இறந்துவிட்டார்கள், மேஜை போடுவதும் நின்றுவிட்டது என்றார். பிறகு, "உங்கள் நாட்டில் விடுதலை கேட்டவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்களா?" என்று கேட்டார்.

பொய் சொல்ல மனம் வரவில்லை. "நிறையப் பேர் பார்க்கவில்லை" என்றேன்.

"பிள்ளைகள்?"

"பிள்ளைகள் பார்த்தார்கள்."

அவர் தலையைத் திருப்பி, அறைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்த மார்த்தாவைப் பார்த்தார். மார்த்தாவுக்கு அந்த நாட்டில் நம்பிக்கை இல்லை. இருக்கிற ஊரே தண்ணீரில் மூழ்காமல் இருந்தால் போதும் என்பவர். ஆல்விசே பார்வையை என் பக்கம் திருப்பினார். மூச்சு வாங்கியது. "பிறகு பேசலாம்" என்றார்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மார்த்தா படகிலிருந்து எங்களை அழைத்தார். அங்கே கல்லறைகளுக்கென்றே தனியாக ஒரு தீவு இருக்கிறது. சவப்பெட்டியைப் படகில்தான் கொண்டுபோக வேண்டும். கைப்பேசியை ஜன்னல்மேல் சாய்த்து வைத்து நானும் கோமதியும் பார்த்தோம்.

"தண்ணியிலயா கொண்டு போறாவ? கவுந்துறாதா?" என்றாள் கோமதி.

ஒரு பெரிய கப்பல் கடந்துபோனது. அலையில் படகு ஆடியது. மார்த்தா ஒரு கையால் கைப்பேசியைப் பிடித்தபடி, மறு கையைப் பெட்டியின்மேல் வைத்து அழுத்திக்கொண்டார். அப்போது படம் அப்படியே நின்றுவிட்டது. சாய்ந்த படகு, பெட்டியின்மேல் விரிந்த கை, சுற்றிலும் சாம்பல் நிறத் தண்ணீர். சத்தமும் இல்லை. "ஏட்டி மார்த்தா, நல்லாப் பிடிச்சுக்கோ" என்று கோமதி நின்றுபோன படத்திடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கும் தெருவுக்குமாக சிக்னல் தேடி நடந்தேன்.

மறுபடி படம் அசைந்தபோது படகு கரையோடு ஒட்டி நின்றது. நாலு பேர் குனிந்து பெட்டியைத் தூக்கிக் கற்படிமேல் வைத்தார்கள். மார்த்தா கடைசியாக, சேலைபோல் நீண்ட கறுப்புத் துணியைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு, தடுமாறாமல் படியேறினார்.

கரை சேர்ந்துவிட்டீர்கள், ஆல்விசே. பயந்த சுபாவம் உள்ள ஒருவன், தெருவில் நின்று, நாலு பேர் பார்க்க உங்களுக்குக் கை கூப்புகிறேன். போய் வாருங்கள்.