வலது பக்கத்தில் இருந்த கல்யாணம்

இரண்டு வருடங்களுக்கு முன், ஆவணி மாதத்தில் ஒரு சனிக்கிழமை நடந்தது இது. ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் கடைத்தெருவில் நாங்கள் ஒரு சின்ன போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறோம். படம் எடுப்பதும் வருகிறவர்களிடம் பேசுவதும் என் கணவர் வேலை. பத்தாவது வரை படித்த நான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பாஸ்போர்ட் படம் வெட்டுவேன், பிரிண்ட் போடுவேன். முகத்தைத் திரைக்கு நேராக வைத்துக்கொண்டால் யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை. எனக்கு அது வசதியாகவும் இருந்தது.

கல்யாண ஆல்பத்தை மட்டும் வேலூரில் ஒரு லேபில் கொடுத்துச் செய்வோம். படங்களை எடுத்துக்கொண்டு மலை இறங்க வேண்டியதில்லை. அவர்களிடம் சர்வர் என்று ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. நம் கம்ப்யூட்டரில் எஃப்டிபி சாஃப்ட்வேர் ஒன்றைப் போட்டுக்கொண்டால், இங்கிருந்தே அந்த சர்வருக்குள் போய்ப் படங்களை வைக்கலாம், எடுக்கலாம். அதையும் என் கணவர்தான் பார்த்துக்கொள்வார்.

அந்த வாரம் எங்கள் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. திருப்பத்தூரில் சரிசெய்து வாங்கி வந்து மேசையில் வைத்துவிட்டு, காவலூரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு ஊருக்குக் கல்யாணப் படம் எடுக்க அவர் கிளம்பிப் போனார். நான் போட்டுப் பார்த்தேன். புதுசு மாதிரி திறந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் சரிசெய்திருக்கிறார்கள்.

பழைய படங்கள் தனி ஹார்ட் டிஸ்கில் பத்திரமாக இருந்தன. அதில் ஏற்றாமல் விட்டது ஒரே ஒரு கல்யாணம், போன வாரம் மலையில் எடுத்தது. கேமராவின் மெமரி கார்டிலும் அது இல்லை. அன்றைய கல்யாணத்துக்காகக் கணவர் கார்டை அழித்து எடுத்துப் போயிருந்தார். அவருக்குப் போன் போட்டேன். அந்த ஊரில் டவர் கிடையாது.

அப்போதுதான் நினைவு வந்தது. அந்தக் கல்யாணப் படங்களை அவர் இரண்டு நாள் முன்பு லேப் சர்வரில் ஏற்றியிருந்தார். இனி அவை இருக்கிற ஒரே இடம் அதுதான்.

முன்பின் தெரியாதவர்களிடம் போனில் பேசுவது என்றால் எனக்குக் கை வேர்த்துவிடும். லேப் எண்ணை அழுத்துவதும் கட் பண்ணுவதுமாகக் கொஞ்ச நேரம் போனது. கடைசியில் பேசினேன். எடுத்தது ஒரு பெண்.

"டிசைனர் அண்ணன் லீவுக்கா. ஓனரும் ஊர்ல இல்ல, போன் போவல. நான் பில்லு போடறவ. எனக்கு அதெல்லாம் ஒண்ணும் தெரியாதுக்கா."

"எங்க படம் இருக்குதாம்மா?"

"இருக்கும். ஆனா சனிக்கிழம சாயந்திரம் ஆறு மணியானா சர்வரு தானா காலியாயிடும்க்கா. டிசைனர் உங்களுத காப்பி எடுத்தாரான்னு தெரியல. எதுக்கும் அதுக்குள்ள நீங்களே இறக்கிக்கோங்க."

சுவரில் ஒட்டியிருந்த ஒரு தாளைப் பார்த்து சர்வரின் முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாவற்றையும் எழுத்து எழுத்தாகச் சொன்னாள். நான் எழுதிக்கொண்டு நிமிர்ந்தபோது கடை வாசலில் அந்தக் கல்யாணப் பெண்ணே நின்றுகொண்டிருந்தாள். கூடவே அவள் மாமியார்.

"இன்னாமா, எங்க வூட்டுக் கல்யாணம் ரெடியா?" என்று கேட்டபடியே மாமியார் பெஞ்சில் உட்கார்ந்தார். "நாளைக்கு இதுங்க ரெண்டும் திருப்பூருக்கு வேலைக்குப் போவுதுங்க. அதுக்குள்ள போட்டோவப் பாத்தே ஆவணும்னு எம் மருமவ ஒத்தக் கால்ல நிக்குது."

"எல்லாம் வாணாக்கா. எங்கப்பா கூட நின்னது மட்டும் போன்ல ஏத்திக் குடுங்க, போதும்" என்றாள் அந்தப் பெண். அவள் அப்பா கேரளாவில் மிளகுத் தோட்டத்தில் வேலை செய்கிறவர். கல்யாணத்துக்கு வந்து மறுநாளே திரும்பிவிட்டாராம்.

"உக்காருங்க, நெட் கொஞ்சம் ஸ்லோவா இருக்குது" என்று சொல்லிவிட்டு நான் திரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

முதலில் சாஃப்ட்வேர் வேண்டும். கணவர் எதை வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியாது. தேடியதும் முதலில் வந்த பக்கத்தில் பச்சைப் பட்டன் ஒன்று பெரிதாக இருந்தது. அதை அழுத்தினேன். சாஃப்ட்வேர் வரவில்லை. சீட்டாட்ட விளம்பரங்கள் வந்து திரையை மூடிக்கொண்டன. அவற்றைத் தூக்கி எறிவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அடுத்தது உள்ளே விடுவதற்கு முன்பே ஏடிஎம் கார்டு எண்ணைக் கேட்டது. மூன்றாவது எதையும் கேட்கவில்லை. திரை இரண்டாகப் பிரிந்திருந்தது. கணவர் பின்னால் நின்று பார்த்தபோது இப்படித்தான் இருந்ததாக ஞாபகம். அதையே வைத்துக்கொண்டேன்.

எழுதி வைத்ததை ஒவ்வொரு கட்டமாக நிரப்பினேன். இணைந்துவிட்டது. ஆனால் உள்ளே இருப்பது தெரியவில்லை, வெறும் வெள்ளையாக நின்றது. மறுபடியும் லேப் பெண்ணுக்குப் போன். இந்தத் தடவை கூச்சப்பட நேரம் இல்லை.

"தாள்ல கீழ 'பாசிவ்'னு எழுதி ரெண்டு கோடு போட்டிருக்குதுக்கா. அது இன்னான்னு எனக்குத் தெரியாது. அந்த மாதிரி எதனா இருக்குதா பாருங்க."

இருந்தது. டிக் போட்டேன். லேப் சர்வரைக் காட்டும் வலது பக்கம் மளமளவென்று நிறைந்தது. எங்கள் ஸ்டுடியோ பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் நூற்றுக்கணக்கில் படங்கள். எனக்கு மூச்சு வந்தது.

இடது பக்கம் எங்கள் கம்ப்யூட்டர். அதே பெயரில் அங்கே ஒரு காலி ஃபோல்டர் போட்டேன். வலது பக்கத்திலிருந்து ஒரு படத்தை இழுத்தேன், பாதியில் நின்றது. நெட் போய்விட்டது. திரும்ப வந்ததும் மேலே இருந்த பட்டன்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றில் புரியாத ஆங்கில வார்த்தை. போனில் அர்த்தம் பார்த்தேன். இரண்டையும் ஒரே மாதிரி ஆக்குவது என்று போட்டிருந்தது. எனக்கு வேண்டியதும் அதுதானே? அழுத்தினேன். ஆங்கிலத்தில் ஏதேதோ கேட்டது. எதையும் விட்டுவிடக் கூடாது என்று இருந்த கட்டங்களில் எல்லாம் டிக் போட்டேன். நீளமாக ஒரு பட்டியல் வந்தது. கீழே 'ஓகே'.

"இன்னாமா, மதிய பஸ்ஸுக்கு நேரமாவுது. போட்டோ வேலூர்லேர்ந்து நடந்தா வருது?" என்றார் மாமியார்.

"வந்துச்சும்மா, வந்துச்சு" என்று மவுஸை 'ஓகே' மேல் கொண்டுபோனேன்.

அந்தப் பெண் எப்போது எழுந்து வந்தாளோ தெரியாது. என் தோளுக்குப் பின்னால் அவள் குரல் கேட்டது.

"ஏன்க்கா, எங்க படத்துக்கெல்லாம் செவப்புல பெருக்கல் போட்டிருக்குது? நல்லா இல்லன்னு தள்ளிட்டீங்களா?"

அப்போதுதான் பார்த்தேன். ஒவ்வொரு படத்தின் எண்ணுக்குப் பக்கத்திலும் சிவப்புக் குறி. மேலே இருந்த வரியை எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'டெலிட்' மட்டும் புரிந்தது. கீபோர்டில் தினமும் பார்க்கிற வார்த்தை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆக வேண்டும் என்று நான் கேட்டேன். எங்கள் பக்கம் காலி. அதனால் அந்தப் பக்கத்தையும் காலியாக்க அது தயாராக நின்றது.

மவுஸிலிருந்து கையை எடுத்தேன். 

"இன்னாக்கா, மூஞ்சி இப்டி வேர்க்குது?"

எனக்கு மறைக்கத் தெம்பு இல்லை. கம்ப்யூட்டர் அழிந்தது, கார்டு அழிந்தது, ஆறு மணிக்கு அங்கேயும் அழியப்போவது, இப்போது நானே அழிக்க இருந்தது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாமியார் பெஞ்சில் இருந்தபடியே கேட்டார்.

"அழிஞ்சிருந்தா இன்னா பண்ணியிருப்ப? எம் மவன மறுக்கா தாலி கட்டச் சொல்லுவியா?"

கோபமா கேலியா என்று அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் பஸ் ஹாரன் கேட்டபோது அவர் எழுந்திருக்கவில்லை. "போவட்டும் வுடு, சாயந்திர பஸ் இருக்குது. நீ வேலையப் பாரு" என்றார்.

பட்டியலை மூடினேன். மற்ற பட்டன் எதையும் தொடாமல், வலது பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துவிட்டேன். நெட் கொடுத்த என் போனை வாசலில் உயர்த்திப் பிடித்தால் வேகம் கூடியது. அந்தப் பெண்ணும் மாமியாரும் மாறி மாறிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நெட் போவதும் வருவதுமாக இருந்தது. நல்லவேளை, அறுந்த இடத்திலிருந்தே மறுபடி தொடர அந்த சாஃப்ட்வேருக்குத் தெரிந்திருந்தது.

அப்பா படம் எந்த எண் என்று யாருக்கும் தெரியாது. வந்ததை எல்லாம் திறந்து திறந்து பார்த்தோம். ஐந்து மணிக்கு மேல்தான் வந்தது. மாலையோடு அவள், பக்கத்தில் வேட்டி சட்டையில் அவள் அப்பா. அவள் திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தாள்.

"அய்ய, எங்கப்பா கண்ண மூடிகினாரு!" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "பரவால்லக்கா, இதையே ஏத்துங்க."

ஆறு மணிக்கு வலது பக்கம் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெறுமையானது. சாப்பாட்டுப் பந்தியில் எடுத்த படங்கள் மட்டும் வந்து சேரவில்லை. "துன்னவனுங்க மூஞ்சி யாருக்கு வேணும்" என்று சொல்லிவிட்டு மாமியார் மருமகளை இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

தெரியாதது வெளியே தெரிந்துவிடக் கூடாது என்றுதான் அன்று அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். இப்போதெல்லாம் புரியாத எதையாவது அழுத்துவதற்கு முன், கடையில் யார் இருந்தாலும் கூப்பிட்டு, "இதுல உங்களுக்கு இன்னா தெரியுது, கொஞ்சம் பாருங்க" என்று கேட்கிறேன். கேட்பதற்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அன்று அந்த 'ஓகே' மேல் இருந்த என் விரலை நினைத்தால் கேட்காமல் இருக்க முடிவதில்லை.