என் பேக்கேஜ், அவர் கணக்கு

அவர் பெயரைக் கேட்டாலே இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. தஞ்சாவூரில் ஒரு நகைக்கடை மாடியில் நடந்த சாஃப்ட்வேர் ஆபீசில் எங்கள் டீம் லீடராக இருந்தவர் அவர்.

அங்கே ஒவ்வொரு ப்ராஜெக்டிலும் ஒரே பில்டு ஸ்கிரிப்டைக் காப்பியடித்து ஒட்டிக்கொண்டிருந்தோம். டெஸ்ட் ஓட்டுவது, பதிப்பு எண் போடுவது, சர்வரில் ஏற்றுவது, எல்லாவற்றுக்கும் அதே வரிகள். ஓர் இடத்தில் பிழையைத் திருத்தினால் மற்ற இடங்களில் அது அப்படியே கிடக்கும். அலுத்துப்போய், அந்த வேலைகளைத் தனித்தனி ஃபங்ஷன்களாக எழுதி ஒரே பேக்கேஜாகக் கட்டினேன். பேக்கேஜ்களைப் பொதுவில் பகிரும் இணையக் கிடங்கான பேக்கேஜ் மேனேஜரில் ஏற்றிவிட்டால் யார் வேண்டுமானாலும் ஒரே வரியில் இறக்கிக்கொள்ளலாம்.

ஏற்றுகிற அன்று எங்கள் மேனேஜர் குறுக்கே வந்தார். "லீடர் பேர்லயே இருக்கட்டும்மா. பெரியவங்க இருக்கறப்ப உன் பேரப் போட்டா நல்லாருக்காது."

எங்கள் பக்கம் அண்ணன் தம்பி சேர்ந்து நிலம் வாங்கினாலும் பட்டா மூத்தவர் பெயரில்தான் இருக்கும். அதனால் அப்பா பட்ட பாடு எனக்குத் தெரியும். கூடாது என்று சண்டை போட்டேன். சிரித்துவிட்டு, லீடரின் சொந்தக் கணக்கில் ஏற்றினார்கள். அதில் ஒரு வரிகூட எழுதாத மனிதர், வேண்டாம் என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை.

பொங்கல் முடிந்ததும் அவர் வேலை மாறி சிங்கப்பூர் போய்விட்டார். பிறகு சர்வர் சாஃப்ட்வேரைப் புதுப்பித்தபோது, பேக்கேஜ் அதோடு ஒத்துப்போகாமல் எங்கள் பில்டுகள் எல்லாம் நின்றன. திருத்தம் என் கையில் தயாராக இருந்தது. அதை ஏற்ற அவர் கணக்கு வேண்டும். மெயில் போட்டேன், போன் போட்டேன், வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்ளாததுதான் பாக்கி. பதிலே இல்லை. நான் எழுதியதை நானே திருத்த முடியவில்லை. மேனேஜரோ வேலை தெரியாதவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

யாரையும் கேட்காமல் என் கணக்கில், வேறு பெயரில் அதை ஏற்றினேன். எல்லா ப்ராஜெக்டிலும் பேக்கேஜை இறக்கும் அந்த ஒரு வரியை மாற்றினேன்.

சில மாதம் கழித்து அவரே கூப்பிட்டார். சிங்கப்பூர் ஆபீசிலும், தானே எழுதியது என்று சொல்லி, பழைய பேக்கேஜைப் பயன்படுத்தக் கொடுத்திருக்கிறார். அங்கேயும் இப்போது பில்டு நின்றுவிட்டதாம்.

"அந்தத் திருத்தத்த மட்டும் அனுப்பிவிடும்மா. நான் ஏத்திக்கிறேன்."

"நீங்க ஏத்த வேணாம் சார். என் பேர்ல இருக்கு, இறக்கிக்கங்க."

"இங்க எல்லாரும் பாப்பாங்களேம்மா."

"பாக்கட்டும் சார்."