மைலுக்கு ஆறு அங்குலம்

ஐயாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை பசை காய்ச்சியது. 1943 ஜூலை, ஒரு சனிக்கிழமை காலை, சுங்கை பட்டாணியில் அவர் படிப்பித்த பள்ளிக்கூடத்தின் பின்பக்கம். மரவள்ளி மாவை நான் கிளறினேன். அவர் விறகைத் தள்ளினார். அந்த மாவு எங்கள் வீட்டின் இரண்டு நாள் சாப்பாடு. சுவருக்காவது பசி தீரட்டும் என்று சொல்லித்தான் அம்மா கொடுத்தார்.

ஐயா என் தகப்பன்; பெயர் வல்லிபுரம். யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு வந்து இருபத்தொரு வருடம் சித்திரம் படிப்பித்தவர். போருக்கு முன்பு மேல்வகுப்பின் இறுதி வேலை பூச்சாடியைப் பார்த்து வரைவது. ஜப்பானியர் வந்ததும் பூச்சாடி போய் ஃபூஜி மலை வந்தது. அதை ஒருவரும் கண்டதில்லை. அந்த வருடம் அவர் வேறு திட்டம் போட்டார். பதினாறு மாணவர்கள், பதினாறு தாள்கள். வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை ஒவ்வொருவரும் வரைய வேண்டும். சேர்த்து ஒட்டினால் சுவரில் முழு ஊரும் வரும்.

அளவு அவர் திட்டத்தில் இல்லை. அது என்னுடையது. நான் நில அளவை அலுவலகத்தில் படவரைவாளன். ஒரே அளவில் இல்லாவிட்டால் சாலைகள் பொருந்தாது என்றேன்.

"நாய் துரத்திற இடம் பிள்ளையளுக்கு நீளம், தம்பி. அப்பிடியே கீறட்டும்" என்றார்.

நான் விடவில்லை. சர்வேக்காரனைப் பெற்றது தன் பிழை என்று சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். மைலுக்கு ஆறு அங்குலம் என்று வைத்தேன். அளவு நாடா கிடையாது. பெருஞ்சாலையில் மைல்கற்கள் இருந்தன. தோட்டத்துக்குள் பிள்ளைகள் ரப்பர் மரங்களை எண்ணினார்கள்; மரத்துக்கு மரம் இருபது அடி என்பது பால்வெட்டுகிற வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். அலுவலக வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். பிழை முப்பது அடிக்குள் இருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

பிள்ளைகளும் வந்து ஒட்டி முடித்தபோது ஒரு கட்டம் காலி. சிடாம் கிரித் தோட்டத்து இராசாத்தியுடையது. மே மாதம் அவள் தகப்பனைச் சயாம் ரயில்பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவள் பள்ளியை விட்டு வேலைக்குப் போய்விட்டாள். தாள் முடிந்துவிட்டது, வாத்தியார் வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்று சொல்லியனுப்பியிருந்தாள். நாளை சைக்கிளில் போகிறேன் என்றார் ஐயா.

பதினொரு மணிக்கு ராணுவப் போலீஸ் அதிகாரி மொழிபெயர்ப்பாளனோடு வந்தார். சுவரில் பாலம், ரயில் நிலையம், நெல் ஆலை எல்லாம் சரியான தூரத்தில் இருந்தன. அவர் விரலால் அளந்து பார்த்தார். அளக்கச் சொன்னது யார் என்று கேட்டார். ஐயா தான்தான் என்றார். காலிக் கட்டம் யாருடையது, அங்கே எதை மறைத்தாய் என்று கேட்டார். அதற்கு ஐயா வாய் திறக்கவில்லை.

மாணவர்களை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவராக அவரை அறையச் சொன்னார்கள். மெதுவாக அறைந்தவர் மறுபடி அறைய வேண்டும். செமிலிங்கிலிருந்து வரும் நவமணிக்கு இரண்டாம் முறையும் போதவில்லை. மூன்றாம் முறை அவளுக்குக் கை எழவில்லை.

"பலமா அடி, பிள்ளை. கெதியா முடியும்" என்றார் ஐயா.

பதினைந்து பேரும் முடித்ததும் அதிகாரி என்னைக் காட்டி, இவன் யார் என்றார்.

ஐயா என் பக்கம் திரும்பவில்லை. "பசை காய்ச்ச வந்த ஆள்."

சட்டியை எடுத்துக்கொண்டு போ என்றான் மொழிபெயர்ப்பாளன். அளவு என்னுடையது என்று சொல்ல நேரம் இருந்தது. நான் சட்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

அன்றே ஐயாவைக் கொண்டுபோனார்கள். பத்தொன்பதாம் நாள் அலோர் ஸ்டார் சிறையிலிருந்து அவருடைய மூக்குக் கண்ணாடி வந்தது. ஒரு பக்கம் வில்லை இல்லை. உடலைத் தரவில்லை.

அவருடைய சைக்கிள் சமையலறைச் சுவரில் சாய்ந்து நின்றது. டியூப் கிடைக்காத காலம். டயருக்குள் கயிறு திணித்து வெள்ளிக்கிழமையே தயாராக்கியிருந்தார். தாள் கசங்காமல் கொண்டுவர ஒரு மூங்கில் குழாயைக் கைப்பிடியில் கட்டியிருந்தார். சிடாம் கிரி பத்து மைல். என் அளவில் ஐந்து அடி. இராசாத்தியின் தாளை வாங்க ஐயா போகவில்லை.