மேல் வீட்டுக் குளியல்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் பாத்ரூம் பக்கெட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? அது நாங்கள் குளிக்கிற பக்கெட் இல்லை. மேல் வீட்டில் குளிக்கிற தண்ணீர் எங்கள் சீலிங் வழியாக இறங்குமே... அதைப் பிடித்து வைக்கிற பக்கெட்.

பழைய அபார்ட்மென்டில் குடியிருப்பவர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். யுனிவர்சிட்டிக்குப் பக்கத்தில் வீடு, மரங்கள், காற்று, படித்தவர்கள் நடமாட்டம் என்று ஆசைப்பட்டுத்தான் இங்கே வந்தோம். கட்டிடத்துக்கு வயதாகிவிட்டது. எங்களுக்கும்தான். லிஃப்ட் நினைத்தால் ஓடும். கார் நிறுத்துகிற இடத்தில் சிமெண்ட் உதிர்கிறது. மொட்டைமாடிக்குப் போனால் ஏற்காடு மலை அழகாகத் தெரியும் - ஏறிப் பார்க்க மூட்டுதான் ஒத்துழைக்கவில்லை. இதெல்லாம் பழகிவிட்டது. தலையில் விழுகிற அடுத்தவர் சோப்புத் தண்ணீர் மட்டும் பழகவே இல்லை.

மேல் வீட்டு ஓனர் பெங்களூரில் இருக்கிறார். குடியிருப்பது இரண்டு ஆராய்ச்சி மாணவிகள். பிளம்பர் வந்து பார்த்துவிட்டு, மேலே பாத்ரூம் தரையை உடைத்துப் புதிதாகப் போட்டால்தான் ஒழுகல் நிற்கும் என்றார். ஓனரிடம் சொன்னால் "பார்க்கலாம்" என்பார். எத்தனை தடவைதான் சொல்வது? எனக்கே என் குரல் அலுத்துவிட்டது.

கடைசியில் வாட்ஸ்அப்பில் நீளமாக ஒன்று எழுதினேன். வாரா வாரம் பத்திரிகையில் பத்தி எழுதுகிறவள் இல்லையா, கோபம் வந்தால் நடை தானாக வந்துவிடும். 'உங்கள் வீட்டில் இருப்பவர்கள் குளித்தால் நாங்கள் நனைகிறோம். இதற்கு உடனே ஒரு முடிவு கட்டுங்கள்' என்று முடித்தேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது.

அதற்கப்புறம்தான் இந்தக் காய்ந்த பக்கெட்.

என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாத்தீங்களா, என் எழுத்துக்கு என்ன பவர்னு?"

அவர் சீலிங்கை அண்ணாந்து பார்த்தார். "தரையை ஒடைக்கிற சத்தமே கேக்கலையே" என்றார்.

இந்த மனிதருக்கு எதிலும் சந்தேகம்தான். நான் பக்கெட்டைக் கழுவி பால்கனியில் கவிழ்த்து வைத்துவிட்டு நிம்மதியாகக் குளித்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் பால் வாங்க இறங்கினேன். லிஃப்ட் வழக்கம்போல. படியில் எதிரே சௌமியா ஏறி வந்தாள். மேல் வீட்டுப் பெண்களில் ஒருத்தி, குமாரபாளையத்துக்காரி. தலையில் ஈரத் துண்டு. கையில் பிளாஸ்டிக் பக்கெட், அதற்குள் சோப்பு டப்பாவும் நனைந்த துணியும். என்னைப் பார்த்ததும் பக்கெட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். பக்கெட்டை எங்கே மறைப்பது?

"எங்கம்மா போயிட்டு வர்றே, காலங்காத்தால?"

"கேம்பஸுக்குங்க ஆன்ட்டி."

"பக்கெட்டோடயா?"

பக்கெட்டை முன்னால் கொண்டுவந்து படியில் வைத்தாள். "குளிக்கப் போனேனுங்க. ஹாஸ்டல்ல ஃப்ரெண்டு ரூம் இருக்குதுங்க. ஏனுங்க ஆன்ட்டி, இன்னும் ஒழுகுதுங்களா? நாங்க கை கழுவக்கூட அந்தப் பாத்ரூமுக்குள்ள போறதில்லைங்க."

"ஓனர் தரையைச் சரி பண்ணலையா?"

"இல்லீங்க. கீழ் ஊட்டுல இருந்து இன்னொரு கம்ப்ளைன்ட் வந்தா ஊட்டைக் காலி பண்ணிருங்கன்னுட்டாருங்க. தீசிஸ் குடுக்கற நேரமுங்க. ஹாஸ்டல்ல எங்களுக்குக் காலம் முடிஞ்சுருச்சு. இப்பப் போயி எங்கீங்க ஊடு தேடறது? இதுவும் போச்சுன்னா அப்பா பொறப்பட்டு வந்துருன்னுருவாருங்க. ஊருக்குப் போயிட்டா அப்பறம் எங்கீங்க முடிக்கறது?"

அழவில்லை. என்னைக் குறை சொல்லவும் இல்லை. பஸ் நேரம் சொல்வது மாதிரி சொன்னாள்.

முடிவு கட்டச் சொன்னேன், அவரும் கட்டிவிட்டார். சிமெண்ட் வாங்கிப் பூசுவதை விட இரண்டு பெண்களை மிரட்டுவது சுலபம் இல்லையா? நான் ரசித்து ரசித்து எழுதிய வரிகளைத்தான் அவர் அப்படியே மாடிக்கு அனுப்பியிருக்கிறார்.

"நாளையிலேர்ந்து உங்க வீட்டுலயே குளிங்க" என்றேன்.

"ஒழுகுமேங்க ஆன்ட்டி."

"ஒழுகட்டும். நான் கம்ப்ளைன்ட் பண்ண மாட்டேன்."

"அங்கிள் திட்ட மாட்டாருங்களா?"

அங்கிள் திட்டத்தான் செய்தார். என்னை. "இனிமே யாருக்காவது எழுதறதுக்கு முன்னாடி உன் பவரைக் கொஞ்சம் கொறைச்சுக்க" என்றார். அப்புறம் அவரே பால்கனிக்குப் போய், கவிழ்த்து வைத்த பக்கெட்டை எடுத்து வந்து பழைய இடத்தில் வைத்தார்.

பழைய கட்டிடத்தில் ஒருவருக்கொருவர் சுவரும் குழாயும் கூரையும் பொது. திடீரென்று நமக்கு நிம்மதி வந்தால், அது யார் வீட்டிலிருந்து வந்தது என்று இரண்டு படி ஏறிப் பார்த்துவிட்டு வருவது நல்லது. நான் ஏறவில்லை. மூட்டுவலி என்று ஒரு சாக்கு வேறு.

ஓனருக்கு மறுபடி எழுதினேன். இந்தத் தடவை நடை எதுவும் இல்லை. 'இந்தப் பெண்களால் எனக்குத் தொந்தரவு கிடையாது. இவர்கள் போனால் அடுத்து வருகிறவர்களும் குளிக்கத்தான் செய்வார்கள். தரையைப் போடுங்கள்.' அவ்வளவுதான். மறுபடியும் ஒரு கட்டைவிரல்.

இப்போது தினமும் விடிந்ததும் சௌமியாவிடமிருந்து மெசேஜ் வருகிறது - 'குளிக்கப் போறோங்க ஆன்ட்டி'. உடனே பக்கெட்டை நகர்த்திச் சரியான இடத்தில் வைக்கிறேன். சில நாள் அதற்குள் வீட்டுக்காரர் பாத்ரூமுக்குள் போய்விடுகிறார். அதற்காகக் கதவுக்குப் பின்னால் ஒரு குடையை மாட்டி வைத்திருக்கிறோம். தீசிஸ் கொடுக்கிற வரைக்கும் அது அங்கேதான் இருக்கும்.

ஊரில் மழை இல்லை. எங்கள் குடை மட்டும் காய்ந்தபாடில்லை.